வரைபடம் நம்முடையது, கோப்பின் வடிவம் யாருடையது?

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் தென்னமரம் எஸ்டேட் இருக்கிறது. மலேசியாவில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான். ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாவை வைத்து அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றது. அதற்குப் பிறகு ஈஜோக், புக்கிட் ரோத்தான், சுங்கை திங்கி, புக்கிட் தாகர் என்று வட சிலாங்கூரில் பால்மரம் நின்ற இடங்களைச் செம்பனை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. பயிர் மாறினாலும் தோட்டத்து ஆபீஸில் ஒரு பழக்கம் மாறவில்லை. சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். எந்த ஃபீல்டு எங்கே தொடங்குகிறது, எந்த வருடம் நட்டது, எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் அதில் இருக்கும். கிராணிக்கும் மண்டோருக்கும் அதுதான் ஆதாரம்.

அந்த வரைபடம் இப்போது சுவரை விட்டு இறங்கிக் கணினிக் கோப்பாகிவிட்டது. 2004-இல் தொடங்கப்பட்டு, கோலாலம்பூரில் தலைமைச் செயலகம் வைத்திருக்கும் ஆர்எஸ்பிஓ என்ற செம்பனைச் சான்றிதழ் அமைப்பு, உறுப்பினர் தோட்டங்களின் எல்லை வரைபடங்களைக் கேட்டு வாங்குகிறது. 2013 நவம்பரில் நடந்த அதன் பொதுக்கூட்டம் அதற்காகத் தீர்மானமே நிறைவேற்றியது. மலேசியாவின் சொந்தச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். காடழிப்பில் விளைந்த பொருளைத் தடுக்க 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிலம் 4 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் ஒரு புள்ளி போதாது, எல்லை முழுவதையும் சுற்றி ஆயத்தொலைவுகள் தர வேண்டும், அவையும் ஆறு தசம இலக்கம் வரை. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனாலும் வரைபடம் தயாராக இருக்க வேண்டும் என்பது உறுதியாகிவிட்டது. 10 ஏக்கர் என்பது 4.05 ஹெக்டேர். ஆகவே பத்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் சிறு தோட்டக்காரரும் எல்லை முழுவதையும் காட்ட வேண்டியவர்தான்.

பெரிய கம்பெனிக்கு இதற்கென்று ஆளும் மென்பொருளும் உண்டு. சிறு தோட்டக்காரருக்கும் அவருக்கு உதவும் கூட்டுறவுக் கழகத்துக்கும் கைகொடுப்பது கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருள்தான். 2002-இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய திட்டம் அது. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். திறமூல மென்பொருள் என்பதன் பொருள் அதுதான். ஆனால் ஆர்எஸ்பிஓ கேட்கும் கோப்பு 'ஷேப்ஃபைல்' என்ற வகையைச் சேர்ந்தது. அந்த வடிவத்தை உருவாக்கியது எஸ்ரி என்ற அமெரிக்க நிறுவனம். ஒரு தனியார் நிறுவனம் வகுத்த வடிவத்தை வைத்து எல்லோருக்குமான மென்பொருளை எழுதலாமா? எழுதினால் யாராவது வழக்குப் போடுவார்களா?

ஒரு கோப்பில் முதல் பைட்டு எதைக் குறிக்கிறது, அடுத்த நான்கு பைட்டு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் ஆவணத்தை விவரக்குறிப்பு என்கிறார்கள். சமையல் புத்தகத்தை நகலெடுத்து விற்றால் பதிப்பகத்தார் சண்டைக்கு வருவார்கள், அதைப் படித்து வீட்டில் மீன்குழம்பு வைத்தால் வரமாட்டார்கள். விவரக்குறிப்புக்கும் அடிப்படை இதுதான். ஆவணத்தின் வாசகத்துக்குப் பதிப்புரிமை உண்டு, அது சொல்லும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 7(2ஏ) பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கருத்து, செய்முறை, இயக்கும் முறை, கணிதக் கோட்பாடு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை.

பிரச்சினை அங்கே முடிந்திருந்தால் நல்லது. ஆனால் பதிப்புரிமைக்குப் பக்கத்திலேயே பேட்டண்ட், வணிகச்சின்னம், ஒப்பந்தம் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. ஒன்றில் தப்பியவர் இன்னொன்றில் மாட்டிக்கொள்வதுண்டு.

ஷேப்ஃபைலையே பார்ப்போம். 1998 ஜூலையில் எஸ்ரி அதன் விவரக்குறிப்பை ஒரு சிறு ஆவணமாக வெளியிட்டது. ஆவணத்தின் முன்பக்கம், இதிலுள்ள தகவல் தன் சொத்து, எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் நகலெடுக்கக் கூடாது என்கிறது. சில பக்கம் தள்ளி, எஸ்ரியின் மென்பொருள் இல்லாமலேயே ஷேப்ஃபைலை உருவாக்கும் நிரல் எழுதத் தேவையான தொழில்நுட்பத் தகவல் அனைத்தும் இதில் இருக்கிறது என்கிறது. அந்த இரண்டாவது வாக்கியத்தை நம்பித்தான் ஒரு உலகமே கட்டப்பட்டது. கனடாவைச் சேர்ந்த ஃபிராங்க் வார்மர்டாம் ஷேப்லிப் என்ற சிறு நிரல் நூலகத்தை எழுதினார். 1998-இல் ஜிடால் என்ற பெரிய நூலகத்தைத் தொடங்கினார். இன்று கியூஜிஐஎஸ் மட்டுமல்ல, எஸ்ரியின் சொந்த மென்பொருள்கூட ஜிடாலைப் பயன்படுத்துகிறது. வெளியார் எழுதட்டும் என்று நிறுவனமே வாசல் திறந்து வைத்ததால் ஷேப்ஃபைல் உலகப் பொதுவழக்கானது. அதனால்தான் ஆர்எஸ்பிஓவும் அதைக் கேட்கிறது.

ஆனால் ஷேப்ஃபைல் என்பது ஒற்றைக் கோப்பு அல்ல. குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்துதான் ஒரு ஷேப்ஃபைல். எல்லைக்கோடு ஒன்றில் இருக்கும். ஃபீல்டு எண், நட்ட வருடம் போன்ற அட்டவணை 'டிபிஎஃப்' என்ற இன்னொன்றில் இருக்கும். அது எஸ்ரியின் சொந்தச் சரக்கல்ல, டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த டிபேஸின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விஷயத்தில் பயம் எங்கிருந்து வந்தது என்று புரியாது.

டிபேஸை விற்றது ஆஷ்டன்-டேட் நிறுவனம். எண்பதுகளில் அதன் கட்டளை மொழியை ஆயிரக்கணக்கானோர் கற்றுவைத்திருந்தார்கள். ஒஹாயோவிலிருந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் என்ற சிறு கம்பெனி அதே கட்டளைகளுக்கு இயங்கும், அதைவிட வேகமான மென்பொருளைக் கொண்டுவந்தது. 1988-இல் ஆஷ்டன்-டேட் வழக்குத் தொடுத்தது. 1990 டிசம்பரில் நீதிபதி டெர்ரி ஹேட்டர் தந்த உத்தரவு யாரும் எதிர்பாராதது. டிபேஸ், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பிறந்த பழைய ஒரு நிரலை ஒட்டி எழுதப்பட்டது. பதிப்புரிமை பதிவு செய்தபோது அதை ஆஷ்டன்-டேட் தெரிவிக்கவில்லை. ஆகவே அதன் பதிப்புரிமையே செல்லாது என்றார். 1991 ஏப்ரலில் அவரே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த ஆண்டே போர்லண்ட் நிறுவனம் ஆஷ்டன்-டேட்டை வாங்கியது. வாங்குவதென்றால் வழக்கைக் கைவிட வேண்டும் என்று அமெரிக்க நீதித்துறை நிபந்தனை போட்டது. வழக்கு முடிந்தது, கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. மொழியும் கட்டளையும் ஒருவருக்குச் சொந்தமா என்பதில் தீர்ப்பு வராமலேயே போனது. வழக்கு நடந்தது டிபேஸின் மொழியைப் பற்றி, டிபிஎஃப் கோப்பைப் பற்றி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் பிறர் வகுத்ததற்கு இணங்கி எழுதுவோர் மனத்தில் அந்த வழக்கு போட்ட நிழல் நீண்ட காலம் நின்றது.

விடை வர இருபது ஆண்டு ஆனது. 2012 மே 2-ஆம் தேதி, எஸ்ஏஎஸ் நிறுவனத்துக்கும் வேர்ல்டு புரோகிராமிங் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு நிரலின் செயல்பாடோ நிரல்மொழியோ தரவுக் கோப்பின் வடிவமோ அந்த நிரலுக்குரிய பதிப்புரிமையில் அடங்காது என்றது. அமெரிக்காவில் ஆரக்கிள் கூகுள் மீது போட்ட வழக்கு 2021 ஏப்ரல் 5 வரை இழுத்தது. ஜாவாவின் சுமார் 11,500 வரிகளை ஆண்ட்ராய்டில் கூகுள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் சொன்னது. அந்த வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற மூலக் கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டது.

இனி ஒப்பந்தம். எஸ்ரி ஷேப்ஃபைலுக்குப் பிறகு 'ஃபைல் ஜியோடேட்டாபேஸ்' என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. இம்முறை விவரக்குறிப்பு வெளியிடவில்லை. பின்னர், அந்தக் கோப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் நூலகத்தை மூடிய வடிவில், கட்டணமின்றித் தந்தது. கட்டணம் இல்லை என்பதால் அது திறமூலம் ஆகிவிடாது. உள்ளே பார்க்க முடியாது, திருத்த முடியாது, நிறுவனம் எந்தக் கணினிக்குத் தருகிறதோ அதில்தான் ஓடும். ஒரு தோட்டத்தின் முப்பது ஆண்டு நடவு விவரமும் அப்படியொரு கோப்பில் கிடந்தால், அதைத் திறக்கும் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஈவன் ருவோ அந்த நூலகத்தைத் தொடாமல், கோப்பின் பைட்டுகளை ஆராய்ந்து வடிவத்தைக் கண்டுபிடித்து எழுதினார். 2014-இல் ஜிடால் அந்தக் கோப்பைத் தானே படிக்கத் தொடங்கியது. தானே எழுத 2022 வரை ஆனது. ஒரு நிறுவனம் சில பக்கக் காகிதம் வெளியிட்டிருந்தால் தேவைப்பட்டிருக்காத உழைப்பு இது.

இப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பது சட்டப்படி சரியா என்று கேட்பவர்கள் உண்டு. பல நாடுகளின் சட்டம், தனியாக எழுதிய ஒரு நிரல் மற்றொன்றோடு ஒத்தியங்குவதற்காக ஆராய்வதற்கு இடம் தருகிறது. மலேசியச் சட்டமும் தொழில்நுட்பத் தடைகளை உடைப்பதைத் தடுக்கும் 36ஏ பிரிவில் அந்த நோக்கத்துக்கு விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் நூலகத்தை இறக்கும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தியவர், ஆராயமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர் ஆகிறார். அதனால்தான் பல திறமூலத் திட்டங்கள், நிறுவனத்தின் மூடிய நிரலைப் பிரித்துப் பார்த்தவரை எழுத விடுவதில்லை. எந்த ஆவணத்தைப் படித்தோம், அது எங்கே, என்ன நிபந்தனையில் கிடைத்தது என்று குறித்தும் வைக்கிறார்கள். சின்னத் திட்டங்களுக்கும் இந்தப் பழக்கம் வேண்டும்.

பேட்டண்ட் வேறு ரகம். பதிப்புரிமை, நகலெடுத்தவரைத்தான் பிடிக்கும். பேட்டண்டோ, எதையும் பார்க்காமல் சொந்தமாக யோசித்து அதே முறைக்கு வந்தவரையும் பிடிக்கும். மேலிருந்து எடுத்த தோட்டப் படங்கள் மிகப் பெரிய கோப்புகள். அவற்றைச் சுருக்க ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் எர்த் ரிசோர்ஸ் மேப்பிங் நிறுவனம் ஈசிடபிள்யூ என்ற வடிவத்தை உருவாக்கியது. அமெரிக்காவின் லிசார்டுடெக் அதற்குப் போட்டியாக மிஸ்டர்சிட் வைத்திருந்தது. லிசார்டுடெக் தன் பேட்டண்டைக் காட்டி வழக்குப் போட்டு 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் இப்படி மோதும்போது, சம்பளமில்லாமல் மாலை நேரத்தில் நிரல் எழுதுபவர் அந்தப் பக்கம் போகத் துணிவாரா? இப்போது ஹெக்சகன் குழுமத்திடம் இருக்கும் ஈசிடபிள்யூ நூலகத்தை, கணினியில் படம் திறந்து பார்க்க மட்டும் கட்டணமின்றிப் பெறலாம். சர்வரில் வைத்துப் பிறருக்குத் தருவதென்றால் தனி உரிமம் வாங்க வேண்டும். கியூஜிஐஎஸ்ஸின் ஜிபிஎல் உரிமமோ, பெறுபவர் எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்கிறது. இந்த இரண்டு நிபந்தனையும் ஒரே பெட்டியில் அடங்காது. எனவேதான் டெபியன் லினக்ஸ் தன் முதன்மைத் தொகுப்பில் ஈசிடபிள்யூ இல்லாத ஜிடாலையே தருகிறது.

இலவச மென்பொருள்களுக்குள்ளேயே உரிமச் சிக்கல் வருவதும் உண்டு. நில அளவையாளர் தரும் பிளான் பெரும்பாலும் ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பாக வரும். ஆட்டோடெஸ்க் அதற்கு விவரக்குறிப்பு வெளியிட்டதில்லை. க்னூ திட்டத்தினர் ஆராய்ந்து லிப்ரெடிடபிள்யூஜி என்ற நூலகத்தை எழுதி, ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் வெளியிட்டார்கள். அதற்காகக் காத்திருந்த லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருள் ஜிபிஎல் இரண்டாம் பதிப்புக்குக் கட்டுப்பட்டது. இரண்டாம் பதிப்பு மட்டும் என்று இருக்கும் நிரலையும் மூன்றாம் பதிப்பையும் கலந்து வெளியிட முடியாது. உரிமத்தைத் தளர்த்தும்படி கேட்டபோது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை மறுத்துவிட்டது. கோப்பைத் திறக்கும் வழி தெரிந்தும், இரு தரப்பும் நல்லெண்ணம் கொண்டவர்களாக இருந்தும், பயனாளிக்கு அது கிடைக்கவில்லை. இந்தத் துறையில் இதைவிட வருத்தமான நிகழ்ச்சியைக் காட்டுவது கடினம். தொடங்கும்போதே 'இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தியது' என்று ஒரு சொற்றொடர் சேர்த்திருந்தால் இந்த முட்டுக்கட்டையே வந்திருக்காது.

விவரக்குறிப்பைப் பார்க்கவே ரகசிய ஒப்பந்தம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். திரைக்குப் படம் அனுப்பும் இணைப்புத் தரமான எச்டிஎம்ஐ 2.1-க்குத் திறமூல நிரல் ஒன்றை ஏஎம்டி நிறுவனம் எழுதியே முடித்துவிட்டது. 2024 பிப்ரவரியில், எச்டிஎம்ஐ மன்றம் அதை வெளியிட அனுமதி தரவில்லை என்று தெரியவந்தது. உறுப்பினராக இருந்து பணம் கட்டும் பெரிய கம்பெனிக்கே அந்த நிலை.

'வழக்குப் போடமாட்டோம்' என்ற வாக்குறுதி இதற்குத் தீர்வாகுமா? மலேசியா இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. 2007-08-இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸ் கோப்பு வடிவத்தை உலகத் தரமாக்க முயன்றபோது, தர நிறுவனமான சிரிம் வழியாக வாக்களித்த மலேசியா எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மைக்ரோசாஃப்ட் 2006 செப்டம்பரில் தந்திருந்த வாக்குறுதியை அமெரிக்காவின் மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் 2008 மார்ச்சில் அலசிப் பார்த்தது. வாக்குறுதி இன்றைய பதிப்புகளுக்குத்தான், நாளை வரும் பதிப்புக்கு உறுதி இல்லை. எனவே ஜிபிஎல் நிரல் எழுதுவோர் அதை நம்பிப் படுத்துறங்க முடியாது என்பது அதன் முடிவு. தரம் எப்படியோ நிறைவேறியது. ஆனால் அந்த அலசல் கற்றுத்தந்த கேள்வி இன்றும் செல்லுபடியாகும்: இந்த அனுமதி எந்தப் பதிப்புக்கு, எந்தப் பயனுக்கு, நான் எழுதியதை வாங்கித் திருத்துகிறவருக்கும் உண்டா?

எல்லா நிபந்தனையும் கெடுதல் அல்ல. நிலத்தின் ஆயத்தொலைவு முறைகளை எண்ணிட்டுத் தொகுத்த ஈபிஎஸ்ஜி பட்டியல் ஓர் எண்ணெய்த் தொழில் சங்கத்துக்குச் சொந்தம். சிலாங்கூரின் கட்டமைப்புக்கு அதில் 3380 என்ற எண். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மதிப்பை மாற்றினால் மட்டும் ஈபிஎஸ்ஜி என்ற பெயரில் வெளியிடக் கூடாது. அளவையில் குழப்பம் வராமல் தடுக்கும் நிபந்தனை அது. திறமூலக்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு காரணத்தாலும் இது பக்கத்து விஷயம். டிபிஎஃப் அட்டவணையில் ஒரு பத்தியின் தலைப்புக்கு 10 பைட்டுதான் இடம். யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு வேண்டும். 'தோட்டம்' என்று எழுத 21 பைட்டு. ஆக, ஷேப்ஃபைலில் மூன்று குறிக்கு மேல் தமிழில் தலைப்பு வைக்க வழியில்லை. வடிவம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும்வரை அதை மாற்றுவதும் அவர் ஒருவர் முடிவு. பிறர் நீட்டினால் அது வேறொரு வடிவமாகிவிடும், மற்ற மென்பொருள்கள் படிக்காது.

மாற்று கையிலேயே இருக்கிறது. 2014-இல் ஓஜிசி என்ற பொதுத் தர அமைப்பு ஜியோபேக்கேஜ் என்ற வடிவத்தை வெளியிட்டது. யாரும் உரிமை கோராமல் பொதுவுக்கு விடப்பட்ட எஸ்க்யூலைட் தரவுத்தளம் அதற்கு அடித்தளம். ஆவணம் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. 10 பைட்டுத் தடை இல்லாததால் தமிழிலும் மலாயிலும் முழுப் பெயர் எழுதலாம். 2018-இல் வந்த கியூஜிஐஎஸ் மூன்றாம் பதிப்பு, புதிய கோப்பை இந்த வடிவத்திலேயே சேமிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கணினி அமைப்பு ஏற்பது ஜியோஜேசன். அது 2016-இல் இணையத் தர ஆவணமாக வெளியாகி யாருக்கும் திறந்திருக்கும் வடிவம்.

எனவே பொறுப்பு, நிரல் எழுதுபவரிடம் மட்டும் இல்லை. கோப்பைக் கேட்பவரிடமும் இருக்கிறது. சான்றிதழ் அமைப்பும் அரசுத் துறையும் ஆலை முதலாளியும் 'இந்த வடிவத்தில்தான் தா' என்று சொல்லும்போது, பத்து ஏக்கர்காரர் எந்த மென்பொருளை வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறார்கள். ஷேப்ஃபைலோடு ஜியோபேக்கேஜையும் ஜியோஜேசனையும் ஏற்பதாக ஒரு வரி எழுத அவர்களுக்குச் செலவில்லை. தோட்டத்தாரும் ஆலோசகரிடம் வரைபட வேலையை ஒப்படைக்கும்போது, மூலக் கோப்பு திறந்த வடிவத்தில் தங்கள் கைக்கு வர வேண்டும் என்று வேலை உத்தரவிலேயே எழுதி வாங்கலாம். ஏற்கெனவே ஷேப்ஃபைலாகவோ ஃபைல் ஜியோடேட்டாபேஸாகவோ கிடப்பதை ஜிடாலின் ஓஜிஆர்2ஓஜிஆர் என்ற கருவி ஒரே கட்டளையில் மாற்றிக்கொடுக்கும். செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு செய்கிறார்கள். இன்று குறிக்கும் எல்லையையும் நடவு வருடத்தையும் அடுத்த மறுநடவின்போது வேறொருவர், வேறொரு கணினியில், யாரிடமும் உரிமம் கேட்காமல் திறந்து பார்க்க முடிய வேண்டும்.